க்ளியரிங் ஏஜென்ட்டைத் தேர்ந்தெடுத்தல்: ஆர்டர் கொடுப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை

ஓசூர் சிப்காட்டில் சிறிய உதிரிபாக யூனிட் நடத்துபவர் தைவானிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ ஒரு சி.என்.சி. எந்திரம் இறக்க முடிவு செய்தால், எந்திரத்தைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார், வீடியோ பார்ப்பார், வங்கியில் கடன் பேசுவார். ஏஜென்ட்டைப் பற்றி யோசிப்பது பெரும்பாலும் கன்டெய்னர் கப்பலேறிய பிறகுதான். அப்போது பேரம் பேச நேரம் இருக்காது. இலவச நாட்கள் முடிந்ததும் கன்டெய்னர் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். அந்த நெருக்கடியில் யார் கிடைக்கிறாரோ அவரே ஏஜென்ட் ஆகிவிடுகிறார்.

இந்த அத்தியாயத்தில் வரும் படிகளில் பாதிக்கு மேல் சப்ளையருக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன்பே முடிய வேண்டியவை. கிருஷ்ணகிரி வட்டாரத்துக் கிரானைட் ஆலைக்கு அறுவை எந்திரம் வருவதானாலும், மாம்பழக்கூழ் ஆலைக்கு பேக்கிங் சாமான் வருவதானாலும், போச்சம்பள்ளி பக்கம் மின் வண்டி உதிரிபாகம் வருவதானாலும் வரிசை இதேதான்.

## முதலில் ஒரு சட்ட விஷயம்

சட்டம் பற்றி இந்த ஒரு பத்தி போதும். ஆனால் இதைத் தாண்டிப் போக வேண்டாம். 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், 147ஆம் பிரிவின்படி, உங்கள் ஏஜென்ட் சுங்கத்துறையில் செய்யும் காரியம் உங்களுக்குத் தெரிந்தே, உங்கள் சம்மதத்தோடு நடந்ததாகவே கருதப்படும், மாறாக நீங்கள் நிரூபிக்காதவரை. 2011 முதல் வரியைச் சுயமாக மதிப்பிட்டு அறிவிக்கும் பொறுப்பும் இறக்குமதியாளருடையது. தவறான எச்.எஸ். குறியீட்டை, அதாவது பொருளைச் சுங்க வரிக்காக வகைப்படுத்தும் எண்ணை, போட்டு வரி குறைத்துக் கட்டியிருந்தால், சாதாரணத் தவறு என்றால் 2 ஆண்டுகள் வரை, மறைப்போ பொய்யோ இருந்தால் 5 ஆண்டுகள் வரை, சுங்கத்துறை உங்களிடம் கேட்கலாம். வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம், அதன் மேல் அபராதம். அந்த நோட்டீஸ் வரும் நாளில் ஏஜென்ட் தொழிலை மூடிவிட்டுப் போயிருக்கலாம். நோட்டீஸில் உங்கள் யூனிட்டின் பெயர்தான் இருக்கும்.

அதனால் இந்த நூலில் நம்பகமான ஏஜென்ட் என்று சொல்வது, தன் வேலையின் ஒவ்வொரு தாளையும் உங்கள் கண்ணில் காட்டுகிற ஆளை. “அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்” என்று சொல்லி எதையும் காட்டாதவர், எவ்வளவு அனுபவம் உள்ளவரானாலும், நமக்கு வேண்டாம்.

## யார் என்ன செய்கிறார்கள்

நம் பக்கத்தில் எல்லோரையும் “ஏஜென்ட்” என்றே சொல்கிறோம். உள்ளே மூன்று தனி வேலைகள் இருக்கின்றன.

ஃபார்வர்டர் கப்பலிலோ விமானத்திலோ இடம் பிடித்து, வெளிநாட்டுத் தொழிற்சாலையிலிருந்து இங்கே வரை சரக்கைக் கொண்டுவருகிறார். சுங்கத் தரகர், அதாவது பழைய பெயரில் சி.எச்.ஏ., பில் ஆஃப் எண்ட்ரியை, அதாவது இறக்குமதி அறிவிப்புப் படிவத்தை, தாக்கல் செய்து சரக்கை விடுவிக்கிறார். டிரான்ஸ்போர்ட்டர் வண்டியில் ஏற்றி உங்கள் வாசலில் இறக்குகிறார். ஒரே நிறுவனம் மூன்றையும் செய்யலாம். பல நிறுவனங்கள் ஒன்றைத் தாங்கள் செய்து, மற்ற இரண்டையும் வெளியே கொடுக்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது: சுங்கத் தரகருக்கு 146ஆம் பிரிவின்படி உரிமம் கட்டாயம், தேர்வு எழுதித்தான் அதைப் பெற முடியும். இறக்குமதி ஃபார்வர்டருக்கு அப்படி ஓர் உரிமம் கிடையாது. ஒரு மேசை, ஒரு போன், ஒரு விசிட்டிங் கார்டு இருந்தால் யாரும் ஃபார்வர்டர் ஆகலாம். எனவே சரிபார்க்கும் வேலை முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது.

## படி 1: சரக்கு எந்த வாசலில் இறங்கப் போகிறது?

ஏஜென்ட்டைத் தேடுவதற்கு முன் இதை நீங்களே யோசித்து முடிவு செய்யுங்கள். எல்லைப்புறத்தில் இருப்பதால் நமக்கு மற்ற ஊர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது, அதிலேயே ஒரு குழப்பமும் இருக்கிறது.

கடல் வழியில் இரண்டு பாதைகள். ஒன்று, சென்னைத் துறைமுகத்திலோ எண்ணூரிலோ காட்டுப்பள்ளியிலோ இறக்கி, அங்கேயே க்ளியர் செய்து, ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர் வழியாகச் சாலையில் கொண்டுவருவது. ஓசூருக்குச் சுமார் 310 கிலோமீட்டர். கிருஷ்ணகிரிக்கு அதைவிட 50 கிலோமீட்டர் குறைவு. இன்னொன்று, சென்னையிலிருந்து கன்டெய்னரை ரயிலில் பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் உள்ள கன்டெய்னர் கார்ப்பரேஷனின் உள்நாட்டு கன்டெய்னர் டிப்போவுக்கு, அதாவது ஐ.சி.டி.க்கு, அனுப்பி அங்கே க்ளியர் செய்வது. ஒயிட்ஃபீல்டிலிருந்து அத்திப்பள்ளி, ஜூஜூவாடி வழியாக ஓசூர் வரச் சுமார் 40 கிலோமீட்டர்தான்.

40 கிலோமீட்டரைப் பார்த்ததும் ஒயிட்ஃபீல்டே லாபம் என்று தோன்றும். முடிவு செய்யும் முன் நான்கு விஷயங்களை எழுதிப் பாருங்கள்.

1. ரயிலுக்குக் கன்டெய்னர் எத்தனை நாள் சென்னையில் காத்திருக்கும்? அவசரச் சரக்குக்குச் சாலை வழி பெரும்பாலும் முந்திவிடும்.
2. காலிக் கன்டெய்னரை எங்கே திருப்பிக் கொடுக்க வேண்டும்? சென்னையில் எடுத்துச் சிப்காட்டில் இறக்கிய கன்டெய்னர், காலியாக மறுபடியும் 300 கிலோமீட்டர் போக வேண்டும். வண்டி வாடகை இருவழிக்கானதா என்று கேட்காமல் ஒப்புக்கொண்டால் இங்கேதான் பணம் போகும். சில கப்பல் நிறுவனங்கள் பெங்களூரு யார்டிலேயே காலியை வாங்கிக்கொள்ளும். முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.
3. சரக்கின் எடை. கனமான எந்திரம் என்றால் பெங்களூரு நகரின் பகல்நேரக் கனரக வாகனக் கட்டுப்பாடும் கணக்கில் வர வேண்டும்.
4. உங்கள் ஏஜென்ட்டுக்கு அந்த இடத்தில் சொந்த ஆள் இருக்கிறாரா? சென்னையில் அலுவலகம் உள்ளவர் ஒயிட்ஃபீல்டில் வேறொருவர் கையில் கொடுத்தால், கமிஷனும் இரட்டிக்கும், தாமதமும் இரட்டிக்கும்.

முடிவெடுத்த பிறகு, பி.எல்.லில், அதாவது பில் ஆஃப் லேடிங் என்ற கப்பல் சரக்கு ரசீதில், சரக்கு சேரும் இடம் எதுவோ அதைச் சப்ளையரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். “சென்னை” என்று போட்டு வந்த பி.எல்.லை வழியில் “பெங்களூரு ஐ.சி.டி.” என்று மாற்றுவது முடியாத காரியமில்லை, திருத்தக் கட்டணமும் நாட்களும் பிடிக்கும்.

விமானச் சரக்கென்றால் பெங்களூரு கெம்பேகௌடா விமான நிலையம் ஓசூரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். இதில் பெரிய யோசனை தேவையில்லை.

## படி 2: மூன்று பெயர்களைத் திரட்டுங்கள்

இணையத்தில் தேடி முதலில் வரும் எண்ணுக்குப் போன் செய்வது மிக மோசமான தொடக்கம். உங்கள் சரக்கைப் போன்ற சரக்கை இறக்கிய பக்கத்து யூனிட்காரரிடம் கேளுங்கள். ஓசூர் சிறு, குறுந்தொழில் சங்கமான ஹோஸ்டியாவில் விசாரித்தால், யார் எதை இறக்குகிறார்கள் என்று தெரிந்த ஆட்கள் கிடைப்பார்கள். கேட்கும்போது “நல்ல ஏஜென்ட்டா?” என்று கேட்க வேண்டாம், எல்லோரும் நல்லவர் என்றே சொல்வார்கள். இப்படிக் கேளுங்கள்: “அண்ணா, கொட்டேஷன்ல சொன்னதுக்கும் கடைசி பில்லுக்கும் எவ்வளவு வித்தியாசம் வந்துச்சு? பிரச்சினை வந்த அன்னிக்கு போன் எடுத்தாரா?”

அதே மாதிரிச் சரக்கு என்பது முக்கியம். பழைய எந்திரம் இறக்குமதி செய்ய சார்ட்டர்டு இன்ஜினியர் சான்றிதழ் வேண்டும். தயாரித்த ஆண்டு, இப்போதைய நிலை, மதிப்பு மூன்றையும் அதை வைத்தே பார்ப்பார்கள். எஃகு சாமான் என்றால் இறக்குமதிக்கு முன் எஃகு கண்காணிப்பு இணையதளத்தில் பதிவு தேவைப்படலாம், பி.ஐ.எஸ். தரக் கட்டுப்பாட்டு ஆணையும் குறுக்கே நிற்கலாம். ரோஜாப் பண்ணைக்கு நாற்று வருகிறதென்றால் தாவரத் தடுப்புக் காப்புத் துறையின் அனுமதி வேண்டும். துணி இறக்கிப் பழகிய ஏஜென்ட் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பழைய லேத் எந்திரத்தை உங்கள் செலவில்தான் கற்றுக்கொள்வார்.

சப்ளையரே ஓர் ஏஜென்ட்டைச் சொன்னால் அந்தப் பெயரை மூன்றில் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம். அதுவே ஒரே பெயராக இருக்கக் கூடாது. காரணம் படி 5இல் வருகிறது.

## படி 3: உரிமத்தைச் சரிபாருங்கள்

அரை மணி நேர வேலை. ஒவ்வொரு பெயருக்கும் செய்யுங்கள்.

1. சுங்கத் தரகர் உரிமத்தின் நகலைக் கேளுங்கள். எந்த ஆணையரகம் கொடுத்தது, யார் பெயரில் என்று பாருங்கள். ஓரிடத்தில் உரிமம் பெற்றவர் முறைப்படி தெரிவித்துவிட்டு மற்ற சுங்க நிலையங்களிலும் வேலை செய்யலாம். ஆகவே சென்னை உரிமம் ஒயிட்ஃபீல்டுக்குச் செல்லாது என்று பயப்பட வேண்டாம்.
2. உரிம எண்ணின் முதல் 10 எழுத்துகள் அந்த நிறுவனத்தின் பான் எண். அதற்குப் பின் “சி.எச்.” என்ற எழுத்துகளும் ஒரு வரிசை எண்ணும் வரும்.
3. அவர் பில் போடும் ஜி.எஸ்.டி. எண்ணில் 3ஆம் எழுத்திலிருந்து 12ஆம் எழுத்து வரை இருப்பதும் பான் எண்தான். இரண்டும் ஒன்றாக இருக்கிறதா?
4. ஒன்றாக இல்லையென்றால், உங்களிடம் பேசுபவர் வேறு, உரிமம் வைத்திருப்பவர் வேறு. அவர் ஃபார்வர்டராக இருந்து ஒரு தரகரோடு வெளிப்படையாகச் சேர்ந்து வேலை செய்தால் தவறில்லை. அந்தத் தரகரின் பெயரையும் எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள். சொல்லத் தயங்கினால் அது வாடகை உரிமமாக இருக்கலாம். 2018ஆம் ஆண்டின் சுங்கத் தரகர் உரிம விதிமுறைகளின்படி உரிமத்தை விற்கவோ மாற்றவோ கூடாது.
5. ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பதிவு தேதியையும், ரிட்டர்ன் ஒழுங்காகத் தாக்கலாகிறதா என்பதையும் பாருங்கள். பதிவாகி இரண்டு மாதம்தான் ஆகிறது, ஆனால் இருபது வருட அனுபவம் என்கிறார் என்றால் காரணம் கேளுங்கள்.
6. சுங்கத்துறைக்குள் உங்கள் வேலையாகப் போகப்போகிறவர் யார்? தேர்வு எழுதித் தேறிய ஊழியருக்கு ‘ஜி’ அட்டையும், உதவியாளருக்கு ‘எச்’ அட்டையும் உண்டு. அட்டை இல்லாத ஆள் போய் நிற்கிற ஏஜென்சி வேண்டாம்.

குறிப்பு: “சென்னை கஸ்டம்ஸ்ல ஆபீசர் நம்ம ஆளு” என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். முகமில்லா மதிப்பீட்டு முறை 2020 ஜூன் மாதம் சென்னையிலும் பெங்களூருவிலும்தான் முதலில் தொடங்கியது. அந்த ஆண்டு அக்டோபர் இறுதிக்குள் நாடு முழுவதும் வந்துவிட்டது. உங்கள் பில் ஆஃப் எண்ட்ரியை வேறு ஊரில் இருக்கும் ஓர் அதிகாரி மதிப்பிடலாம். எனவே தாள்கள் சரியாக இருப்பதே வேகமாக வெளியே வரும் வழி.

## படி 4: ஒரே சரக்கைச் சொல்லி மூவரிடமும் கேளுங்கள்

ஒரு பக்கத்தில் சரக்கு விவரத்தை எழுதி மூவருக்கும் ஒரே மாதிரி அனுப்புங்கள்: பொருள், பயன், புதிதா பழையதா, எடை, நீளம் அகலம் உயரம், எந்த ஊரில் ஏற்றுவது, எங்கே இறக்குவது, விலை எந்த நிபந்தனையில். அதோடு இந்தக் கேள்விகளையும்:

- இந்தப் பொருளுக்கு என்ன எச்.எஸ். குறியீடு, ஏன்?
- பி.ஐ.எஸ்., முன்பதிவு, சான்றிதழ் ஏதாவது கட்டாயமா? கப்பலேறும் முன் வாங்க வேண்டியது எது?
- சுதந்திர வர்த்தக ஒப்பந்தச் சலுகை கிடைக்குமா? அதற்கு நான் என்ன ஆதாரம் வைத்திருக்க வேண்டும்?
- கன்டெய்னருக்கு எத்தனை இலவச நாட்கள்? துறைமுகத்திலிருந்து நேரடியாக எடுக்க முடியுமா, சி.எஃப்.எஸ். கிடங்குக்குப் போயே ஆக வேண்டுமா?

பதிலின் வேகத்தைவிட அதன் தன்மையைக் கவனியுங்கள். “கேட்லாக் அனுப்புங்க சார், பாத்துட்டுச் சொல்றேன்” என்பவர் நல்ல ஆள். கேட்லாக்கைப் பார்க்காமலே குறியீட்டைச் சொல்பவரும், “டியூட்டி ஜீரோவா போட்டுடலாம்” என்பவரும் நாளைக்கு உங்களுக்கு நோட்டீஸ் வாங்கித் தருவார்கள். ஆசியான், ஜப்பான், கொரியா ஒப்பந்தங்களின் கீழ் வரிச் சலுகை கேட்டால், 2020 செப்டம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள காரோட்டார் விதிகளின்படி பொருள் அந்த நாட்டில்தான் உருவானது என்பதற்கான விவரங்கள் இறக்குமதியாளர் கையில் இருக்க வேண்டும். 5 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். சான்றிதழ் ஒன்று மட்டும் போதும் என்று சொல்லும் ஏஜென்ட் இந்த விதியைப் படித்திருக்கவில்லை.

இரண்டு பேச்சுகள் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒன்று, “இன்வாய்ஸ் கொஞ்சம் கம்மியா போட்டுக்கலாம்.” இன்னொன்று, “உங்களுக்கு ஐ.இ.சி. வேண்டாம், எங்க ஐ.இ.சி.யிலயே எடுத்துத் தர்றோம்.” முதலாவது சரக்கைப் பறிமுதல் வரை கொண்டுபோகும். இரண்டாவதில் தாளின்படி சரக்கே உங்களுடையதல்ல. உள்ளீட்டு வரிக் கடனும் உங்களுக்குக் கிடைக்காது. ஐ.இ.சி. என்ற இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டை 500 ரூபாய் கட்டணத்தில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின், அதாவது டி.ஜி.எஃப்.டி.யின், இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். அதன் எண் உங்கள் பான் எண்ணேதான். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிசெய்ய மட்டும் மறக்க வேண்டாம்.

## படி 5: கொட்டேஷனைப் பிரித்துப் படியுங்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

சீனாவிலிருந்து சில பெட்டிகள், கன்டெய்னர் நிறையாத சரக்கு. சப்ளையர் “சி.ஐ.எஃப். சென்னை” என்று விலை சொல்கிறார். கடல் கட்டணம் அவர் பொறுப்பு, உங்களுக்கு மகிழ்ச்சி. அவர் அங்கே ஒரு ஃபார்வர்டரிடம் மிகக் குறைந்த கட்டணத்துக்கு, சில நேரம் கட்டணமே இல்லாமல், சரக்கைக் கொடுக்கிறார். அந்த ஃபார்வர்டர் தன் லாபத்தைச் சென்னையில் உள்ள தன் கூட்டாளி மூலம் உங்களிடம் எடுத்துக்கொள்கிறார். டெலிவரி ஆர்டர் கட்டணம், ஆவணக் கட்டணம், பிரிப்புக் கட்டணம், “சைனா இம்போர்ட் சர்வீஸ்” என்று ஒரு பட்டியல் வரும். சரக்கை எடுக்க வேண்டிய தாளான டெலிவரி ஆர்டர் அவர்கள் கையில் இருக்கிறது. கட்டாமல் சரக்கு வெளியே வராது. அந்தக் கூட்டாளியை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்பதால் பேரம் பேசவும் வழியில்லை.

எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றுவது வரையான விலையில், வாங்கி, கடல் கட்டணத்தை நீங்கள் தேர்ந்தெடுத்த ஃபார்வர்டரிடம் பேசினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும். சப்ளையர் சி.ஐ.எஃப்.தான் என்று பிடிவாதம் பிடித்தால், சென்னையில் கட்ட வேண்டிய எல்லாக் கட்டணத்தின் பட்டியலையும் முன்பணம் அனுப்புவதற்கு முன் கேளுங்கள். தராவிட்டால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கொட்டேஷன் இப்படிப் பிரிந்து இருக்க வேண்டும்:

1. வெளிநாட்டில் ஆகும் செலவு, கடல் அல்லது விமானக் கட்டணம்
2. கப்பல் நிறுவனத்தின் லோக்கல் சார்ஜ், டெலிவரி ஆர்டர்
3. துறைமுகம், சி.எஃப்.எஸ். அல்லது ஐ.சி.டி. கட்டணம்
4. ஏஜென்சி கட்டணம்
5. வண்டி வாடகை, காலிக் கன்டெய்னர் திரும்புவதும் சேர்த்து
6. சுங்க வரி, தனியாக

“எல்லாம் சேர்த்து இவ்வளவு” என்ற ஒற்றை எண்ணை ஏற்காதீர்கள். 2, 3ஆம் வரிகளில் ரசீது எவ்வளவோ அவ்வளவே என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ரசீதுகள் உங்கள் பெயரிலும் உங்கள் ஜி.எஸ்.டி. எண்ணிலும் இருக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். “இதர செலவு” என்ற வரி இருந்தால் அது என்ன என்று கேட்டு அதற்கு மேல்வரம்பு போடுங்கள். கன்டெய்னர் நிறையாத சரக்குக்குக் கன அளவில் கணக்கு. 1 கன மீட்டரை 1,000 கிலோவோடு ஒப்பிட்டு எது அதிகமோ அதற்கு வாங்குவார்கள். விமானத்தில் சென்டிமீட்டர் அளவுகளைப் பெருக்கி 6,000ஆல் வகுத்து வரும் கிலோவை உண்மை எடையோடு ஒப்பிடுவார்கள். பேக்கிங் அளவை ஒரு தரம் சப்ளையரிடம் படத்தோடு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வரியை நீங்களே போட்டுப் பாருங்கள். எஃப்.ஓ.பி. மதிப்பு ரூ.10,00,000, கடல் கட்டணம் ரூ.60,000, காப்பீட்டுத் தொகை தெரியவில்லை என்றால் விதிப்படி 1.125 சதவீதம், அதாவது ரூ.11,250. வரிக்கான மதிப்பு ரூ.10,71,250. அடிப்படை வரி 7.5 சதவீதம் என்று வைத்தால் ரூ.80,344. அதன் மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், ரூ.8,034. இவை எல்லாம் சேர்ந்த ரூ.11,59,628 மேல் ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், ரூ.2,08,733. ஆக மொத்த வரி சுமார் ரூ.2,97,111. இதில் ஐ.ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிக் கடனாகத் திரும்பும்; மற்ற இரண்டும் செலவு. ஏஜென்ட் சொல்லும் எண் இதிலிருந்து விலகினால் எந்த வரியில் விலகுகிறது என்று கேளுங்கள்.

மூன்று கொட்டேஷனில் மிகக் குறைந்ததை எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. மற்ற இரண்டையும்விட வெகுவாகக் குறைந்த ஒன்று வந்தால், எந்தக் கட்டணத்தை விட்டிருக்கிறார் என்று தேடுங்கள். விட்ட கட்டணம் பில்லில் வரும்.

## படி 6: அதிகாரம் கொடுங்கள், சாவியைக் கொடுக்காதீர்கள்

தேர்ந்தெடுத்த ஏஜென்ட்டுக்கு அதிகாரக் கடிதம் கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட இந்தச் சரக்குக்கு மட்டும் என்று எழுதுங்கள். காலவரையற்ற கடிதம் முதல் முறையே வேண்டாம். பில் ஆஃப் எண்ட்ரியின் மாதிரிப் படிவத்தை உங்களுக்கு அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் பெற்ற பிறகே தாக்கல் செய்ய வேண்டும் என்ற ஒரு வரியையும் அதில் சேருங்கள்.

கொடுக்கக் கூடாதவை: டிஜிட்டல் கையொப்ப டோக்கன், டி.ஜி.எஃப்.டி. கணக்கின் கடவுச்சொல், கையெழுத்திட்ட வெற்று லெட்டர்ஹெட். “அவசரத்துக்கு இருக்கட்டும் சார்” என்று வெற்றுத் தாள் கேட்பது இந்தத் தொழிலில் சகஜமாகிவிட்டது. சகஜம் என்பதற்காகக் கொடுக்காதீர்கள். சுங்கத்துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில் கணக்கை உங்கள் அலுவலகத்தின் மின்னஞ்சல், கைபேசி எண்ணில் தொடங்குங்கள். ஏஜென்ட்டின் எண்ணில் பதிவாகிவிட்டால் உங்கள் சரக்கின் செய்தி முதலில் அவருக்குத்தான் போகும்.

## படி 7: பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது?

சுங்க வரியை ஏஜென்ட்டின் கணக்குக்கு அனுப்பாதீர்கள். ஐஸ்கேட் தளத்தில் உங்கள் வங்கிக் கணக்கிலிருந்தே கட்டலாம். வரிக்காக வாங்கிய பணத்தை உடனே அரசுக்குக் கட்டி, வாடிக்கையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்று தரகர் விதிமுறையே சொல்கிறது. ஆனாலும் பணம் அவர் கைக்குப் போகாமலிருந்தால் அந்த விதியை நம்பி நிற்க வேண்டியதில்லை. கப்பல் நிறுவனத்துக்கும் சி.எஃப்.எஸ்.ஸுக்கும் நேரடியாகக் கட்ட முடிந்தால் அப்படியே செய்யுங்கள். ஏஜென்ட்டுக்கு அவருடைய கட்டணத்தில் ஒரு பகுதி முன்பணம், மீதி சரக்கு வந்து ரசீதுகள் கொடுத்த பிறகு.

பாதுகாப்பு: “எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு” என்று மின்னஞ்சல் வந்தால், அதில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். ஏஜென்ட்டுக்கும் சப்ளையருக்கும் இது பொருந்தும்.

## படி 8: கப்பலேறும் முன் தாள்களைப் பாருங்கள்

பி.எல்., இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் மூன்றின் மாதிரியையும் கேட்டு வாங்கி ஏஜென்ட்டோடு சேர்ந்து பாருங்கள். எடை, பெட்டி எண்ணிக்கை, பொருளின் பெயர் மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

எல்லைப்புற யூனிட்டுகளுக்கு மட்டும் வரும் ஒரு தவறு உண்டு. பொம்மசந்திராவிலோ பீன்யாவிலோ ஒரு யூனிட், ஓசூரில் ஒரு யூனிட் என்று இருப்பவர்களுக்கு ஒரே ஐ.இ.சி., ஆனால் இரண்டு ஜி.எஸ்.டி. எண்கள்: கர்நாடகத்துக்கு 29இல் தொடங்குவது, தமிழ்நாட்டுக்கு 33இல் தொடங்குவது. ஒயிட்ஃபீல்டில் க்ளியர் செய்யும் ஏஜென்ட் பழக்கத்தில் 29ஐப் போட்டுவிடுவார். சரக்கு ஓசூருக்கு வரும்; ஐ.ஜி.எஸ்.டி. கடன் பெங்களூரு கணக்கில் போய் உட்காரும். பில் ஆஃப் எண்ட்ரியைத் திருத்த 149ஆம் பிரிவில் விண்ணப்பித்து அலைய வேண்டும். மாதிரிப் படிவம் வந்ததும் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

மரப் பெட்டி, மரப் பலகையில் பேக்கிங் என்றால், மரம் பூச்சி நீக்கிப் பதப்படுத்தப்பட்டதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை அதில் இருக்க வேண்டும். சப்ளையரிடம் முத்திரையின் படத்தைக் கேளுங்கள். முத்திரை இல்லாத மரத்தோடு வந்த சரக்கு துறைமுகத்திலேயே நின்றுவிடும்.

கையில் வருவது ஃபார்வர்டர் கொடுத்த ஹவுஸ் பி.எல்.லா, கப்பல் நிறுவனத்தின் மாஸ்டர் பி.எல்.லா என்று தெரிந்துகொள்ளுங்கள். ஹவுஸ் பி.எல். என்றால் மாஸ்டர் எண்ணையும் கன்டெய்னர் எண்ணையும் கேளுங்கள். 4 எழுத்தும் 7 இலக்கமும் கொண்ட அந்தக் கன்டெய்னர் எண்ணைக் கப்பல் நிறுவனத்தின் தளத்தில் போட்டால் சரக்கு எங்கே என்று நீங்களே பார்க்கலாம். எண் தராமல் “கிளம்பிடுச்சு சார்” என்று மட்டும் சொல்பவரிடம் சரக்கு உண்மையில் ஏறியதா என்ற சந்தேகம் நியாயமானது.

## படி 9: காப்பீட்டை நீங்களே எடுங்கள்

ஃபார்வர்டரின் பொறுப்புக்கு எடை அளவில் வரம்பு உண்டு. எந்திரத்தின் முழு மதிப்பையும் அவர் தரமாட்டார். 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் சிக்கியபோது உரிமையாளர்கள் பொதுச் சேத அறிவிப்பு செய்தார்கள். அதாவது கப்பலை மீட்ட செலவில் சரக்கு உரிமையாளர்களும் பங்கு தர வேண்டும். தன் சரக்கு ஒரு கீறலும் படாமல் இருந்தாலும், காப்பீடு இல்லாதவர் பிணைப்பணம் கட்டினால்தான் அதை எடுக்க முடியும். பெரும்பாலான ஆபத்துகளையும் தழுவும் ‘ஏ’ வகை விதிமுறையில், உங்கள் ஷெட் வரை செல்லும்படி பாலிசி எடுங்கள். சாலையில் கிருஷ்ணகிரி வரை வரும் தூரமும், கிரேனில் இறக்குவதும் அதில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

## படி 10: வந்து சேரும் வாரம்

பில் ஆஃப் எண்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் முதல் 3 நாட்களுக்கு நாளொன்றுக்கு ரூ.5,000, அதன் பிறகு ரூ.10,000. “தாள் லேட்டா வந்துச்சு” என்று ஏஜென்ட் சொன்னால், எந்தத் தேதியில் அவருக்கு அனுப்பினீர்கள் என்பது உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். தாக்கல் எண் கிடைத்ததும் ஐஸ்கேட்டில் அதன் நிலையைத் தினமும் நீங்களே பாருங்கள். கேள்வி எழுப்பப்பட்டிருந்தால் அந்தக் கேள்வியின் நகலைக் கேளுங்கள். பதிலை நீங்கள் படித்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள்.

வண்டி கிளம்பும் முன் இ-வே பில் யார் எடுப்பது என்று முடிவாகியிருக்க வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. சென்னையிலிருந்து ஓசூருக்கு இரண்டு நாள் கிடைக்கும். ஒயிட்ஃபீல்டிலிருந்து வருவது மாநிலம் தாண்டும் பயணம். பழைய வணிகவரிச் சோதனைச் சாவடி 2017க்குப் பின் இல்லை என்றாலும் பறக்கும் படை நிறுத்தலாம். பில் ஆஃப் எண்ட்ரி நகலும் இ-வே பில்லும் டிரைவர் கையில் இருக்கட்டும்.

கன்டெய்னர் வாசலுக்கு வந்ததும் சீல் எண்ணை பி.எல்.லோடு ஒப்பிட்டு, திறக்கும் முன்னும் காலியான பின்னும் உள்ளும் புறமும் படம் எடுங்கள். கன்டெய்னர் சேதம் என்று பின்னால் வரும் பில்லுக்கு இந்தப் படம் ஒன்றே பதில். சரக்கில் சேதம் தெரிந்தால் டிரைவரின் ரசீதில் எழுதிவிட்டு, அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் ஃபார்வர்டருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். சர்வேயர் வரும்வரை பேக்கிங்கைக் களைய வேண்டாம்.

## முதல் சரக்குக்குப் பிறகு

ஒரு வாரத்துக்குள் கொட்டேஷனையும் கடைசி பில்லையும் வரிக்கு வரி பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கூடிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது இருக்கிறதா? பில் ஆஃப் எண்ட்ரியில் பொருள் பெயர், குறியீடு, மதிப்பு நீங்கள் ஒப்புக்கொண்டபடியே இருக்கிறதா? அடுத்த மாதம் உள்ளீட்டு வரிக் கடன் அறிக்கையான ஜி.எஸ்.டி.ஆர். 2பி-யில் ஐ.ஜி.எஸ்.டி. வந்ததா?

மூன்றுக்கும் ஆம் என்றால் இரண்டாவது சரக்கையும் அவரிடமே கொடுங்கள். நல்ல ஏஜென்ட்டைச் சில ஆயிரம் ரூபாய்க்காக மாற்ற வேண்டாம். உங்கள் தொழிலைப் புரிந்துகொண்டவர் அடுத்த முறை ஆர்டருக்கு முன்பே ஆபத்தைச் சொல்வார். இல்லை என்றால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். பணத்துக்குக் கணக்குக் காட்டாத, தகவலை மறைத்த சுங்கத் தரகர் மீது, உரிமம் கொடுத்த சுங்க ஆணையரிடம் புகார் கொடுக்கலாம். சென்னை உரிமம் என்றால் ராஜாஜி சாலையில் உள்ள சுங்க மாளிகை. அதிகாரக் கடிதம், கொட்டேஷன், மின்னஞ்சல், ரசீது நான்கும் புகாரோடு போக வேண்டும்.

எல்லாத் தாள்களையும் ஒரு கோப்பில் போட்டு, மேலே பில் ஆஃப் எண்ட்ரி எண்ணையும் தேதியையும் எழுதி, குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருங்கள். தேர்ந்தெடுக்காமல் விட்ட மற்ற இரண்டு கொட்டேஷன்களும் அதே கோப்பில் இருக்கட்டும்; அடுத்த சரக்குக்கு விலை பேசும்போது எடுத்துப் பார்க்க அவை தேவைப்படும்.